மூன்றாம் பிரதிவாதி

நிலத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடுகிறவர் முதலில் எண்ண வேண்டும். நிலத்தை அல்ல, ஆட்களை. அந்த நிலத்தில் யாருக்கெல்லாம் பங்கு உண்டோ அத்தனை பேரும் வழக்குக்குள் இருந்தாக வேண்டும். சேர்ந்து கேட்க வருகிறவர் வாதி. வராதவர் பிரதிவாதி. பிரதிவாதி என்றால் சண்டைக்காரர் என்று பொருளில்லை. வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஆளாக இருந்தாலும் அந்த வரிசையில் பெயர் எழுதிச் சேர்த்துவிட வேண்டும். நீதிமன்றம் நிலத்தில் ஒரு கோடு போட்டால் அது அவருடைய பங்கையும் தொட்டுக்கொண்டுதான் போகும். ஆளைக் கேட்காமல் அவர் பங்கில் கோடு போட முடியாது.

இப்படித்தான் காயில் டீச்சர், அண்ணனுக்கு அடுத்தபடியாக, தன் அம்மாவை இரண்டாம் பிரதிவாதி ஆக்கினாள்.

அவள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பாடம் எடுப்பவள். கம்பிச் சுருளுக்கு ஆங்கிலத்தில் காயில் என்பதால் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் சக ஆசிரியர்கள் வாய்க்கும் வந்து, கடைசியில் வக்கீலின் கோப்பு அட்டையிலும் ஏறியிருந்தது. அப்பா விட்டுப்போன மனையின் முன்பக்கத்தில் அண்ணனின் பேட்டரிக் கடை. பின்பக்கத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு தகரக் கொட்டகை. அங்கே அவளும் அம்மாவும். வேலை முடிந்து வந்ததும் கொட்டகையில் விளக்கைப் போட்டு, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துக் கட்டிக் கொடுப்பாள். அண்ணனோ மனை முழுவதையும் வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிற ஒருவருக்கு விற்கப் பேசியிருந்தான். அப்பா எல்லாவற்றையும் வாய்வார்த்தையாக எனக்கே கொடுத்துவிட்டார் என்றான். அவளுக்கு வேண்டியது பின்பக்கம். அதற்கு மேல் ஒரு சாண் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பின்பக்கம் சரியாக அதற்குள் அடங்கிவிடும் என்று அவளே நாடா பிடித்து அளந்து வைத்திருந்தாள்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் கொண்டுவருகிற அமீனா வந்த அன்று கதவைத் திறந்தது வாதி. பிரதிவாதி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி, என் மேல கேஸ் போட்டிருக்கியா? சமையக்கட்டுல நின்னு ஒரு வார்த்த சொன்னா பத்தாதா?"

"உன் மேல இல்லம்மா. உன்னையும் சேத்து."

"சேக்கறதுக்கு இதான் வழியா," என்ற அம்மா, அமீனாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஒரே வீட்டில் வாதியும் பிரதிவாதியும் ஒரே சொம்பில் தண்ணீர் கொடுப்பது தனக்குப் புதிதில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கின் முதல் காகிதம் பிராது. வாதி தன் கதையைப் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதுவது. பிரதிவாதி அதற்குப் பதில் எழுதும்போது ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் வக்கீல்கள் கையில் கிடைத்ததையெல்லாம் மறுப்பார்கள். அண்ணனின் வக்கீல் மனையின் நீளத்தை மறுத்தார், அகலத்தை மறுத்தார், காயில் டீச்சர் அங்கே குடியிருப்பதையே மறுத்தார். அந்தப் பதிலின் நகலையும் அவளுக்கு அதே பின்பக்கத்து விலாசத்துக்குத்தான் அனுப்பினார். ஒரே ஒரு பத்தியை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். 'இறந்தவருக்கு மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள்' என்கிற பத்தி.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் தோண்டிப் பார்ப்பதில்லை. எதில் சண்டையோ அதற்கு மட்டும்தான் சாட்சி தேவை. அந்தப் பத்தியை அதற்குப் பிறகு யாரும் படிக்கவில்லை. வழக்கு ஐந்து வருடம் ஓடியது.

பிறகு அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். அப்பா யாருக்கும் எதையும் வாய்வார்த்தையாகக் கொடுக்கவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். அதற்காகக் காயில் டீச்சரின் வக்கீல்தான் அவளை அழைத்திருந்தார். சாட்சியிடம் முதலில் கேட்கிற கேள்விகள் எதையும் நிரூபிப்பதற்காக அல்ல. பெயர், வயது, இருப்பிடம், குடும்பம் என்று தெரிந்ததைக் கேட்டால் தொண்டை இளகும், கை நடுக்கம் நிற்கும். அந்த வகையில்தான் வக்கீல், கண்ணைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"மூணு," என்றாள் அம்மா.

தட்டச்சுக்காரர் அடித்துவிட்டார். வக்கீல் தலை நிமிர்ந்து, நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? பெத்தவ நான்தானே."

பின் பெஞ்சில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார். அம்மா, தெரியாது என்றாள். அதுவும் பதிவானது.

காயில் டீச்சரும் அண்ணனும் அறையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஆள் அவர்களுக்கெல்லாம் இளையவன், கடைக்குட்டி. பத்தொன்பது வயதில், கடையில் வாடிக்கையாளர்கள் பார்க்க அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். ஒரு பேட்டரியின் முனைகளை மாற்றிப் பூட்டிவிட்டான் என்பதற்காக. கையைத் துடைத்துக்கொண்டு, துணியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனான். அப்புறம் வரவில்லை. கொஞ்ச நாள் தேடினார்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா, இனிமேல் எனக்கு இரண்டு பிள்ளைகள்தான், மூன்றாவது பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். கேட்கவில்லை. யார் விசாரித்தாலும் இரண்டு என்றார்கள். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது. அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போன அண்ணனும் அதையே சொன்னான். பிராது எழுதும்போது எத்தனை பேர் என்று வக்கீல் கேட்டபோது காயில் டீச்சரும் அதையே சொன்னாள். மறைக்க வேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை. பங்காளியை விட்டுவிட்டுப் பங்கு கேட்பவர்கள் பொதுவாகப் பேராசைக்காரர்கள். இவர்கள் சொல் கேட்ட பிள்ளைகள்.

"ஒண்ணுத்துலயும் ஒத்துப்போகாத ரெண்டு பேரும் சேந்து ஒரே பொய்ய சொல்லியிருக்கீங்க டீச்சர்," என்றார் வக்கீல், படியிறங்கும்போது. "இத சதின்னு சொல்லக்கூட வழியில்ல. சதி பண்ணணும்னா பேசிக்கணும்."

அண்ணனின் வக்கீல் காத்திருக்கவில்லை. பங்குள்ள ஒருவரைச் சேர்க்காத வழக்கு செல்லாது, தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனுப் போட்டார். ஐந்து வருடம் முன்பு தாங்களே ஒப்புக்கொண்ட பத்தி அது என்பதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. வழக்கில் அதிகமான ஆளைச் சேர்த்துவிட்டால் நீக்கிக்கொள்ளலாம், தேதியைத் தப்பாக எழுதினால் திருத்திக்கொள்ளலாம், பெரும்பாலான குறைகளுக்கு மருந்து உண்டு. ஆனால் அத்தியாவசியமான ஒருவர் இல்லாமல் தீர்ப்பே எழுத முடியாது. அவரில்லாமல் எழுதினால் அவர் எந்த நாளில் வந்து நின்றாலும் அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, தள்ளுபடி செய்யாமல், குறையைச் சரிசெய்ய வாய்தா கொடுத்தார். அதற்குள் செய்யாவிட்டால் தள்ளுபடி.

அந்த வாரம் அவள் வகுப்பில், மூன்று கம்பிகளில் மின்சாரம் எடுத்து ஓடுகிற மூன்று ஃபேஸ் மோட்டார் நடத்திக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருக்கிற மோட்டாரில் ஒரு ஃபேஸ் வராவிட்டால் அது கிளம்பாது, உறுமும், ஆளுக்குத் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால்தான் ஆபத்து. அது நிற்காது. மீதி இரண்டும் மூன்றாவதின் சுமையையும் இழுத்துக்கொண்டு ஓடும். வெளியில் இருந்து பார்த்தால் சுற்றுகிறது. உள்ளே கம்பி கருகிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லிவிட்டு எரிந்த சுருள் ஒன்றைக் காட்டினாள். பிள்ளைகள் மோந்து பார்த்து முகம் சுளித்தார்கள். அவள் தானும் மோந்து பார்த்தாள். அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. சில நாட்களாக எதுவுமே அவளுக்கு உறைக்கவில்லை.

வக்கீலின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை லேசாக அதிரும். அம்மாவை நல்ல நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நிதானமாக விளக்கினார். இரண்டு வழி இருந்தது. ஒன்று, காணாமல் போனவனையும் பிரதிவாதியாகச் சேர்ப்பது. அவனுக்கு நோட்டீஸ் அனுப்பி, காத்திருந்து, அவன் பங்கையும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போது மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றாகச் சுருங்கும், கோடு கொட்டகைக்குக் குறுக்கே போகும். இன்னொன்று சுலபம். ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி அவரைத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெற்றவள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், வழக்கு பழையபடி ஓடும். வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தார். அவன் இறந்துவிட்டான் என்று அம்மா சொல்ல வேண்டியதில்லை, தகவல் இல்லை என்றுதான் சொல்லப் போகிறாள், மிச்சத்தைச் சட்டமே சொல்லிக்கொள்ளும் என்றார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. தையல் கடையில் அளவு சொல்கிறவளைப் போலக் கவனமாகக் கேட்டாள்.

"அப்போ அவன் என்னைக்கு செத்தான்னு எழுதுவீங்க?"

வக்கீல் மகளைப் பார்த்தார். அது நல்ல கேள்வி என்பது அவருக்குத் தெரியும். இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமே தவிர, எந்த நாளில் என்று சட்டம் சொல்லாது. ஆனால் பங்குக் கணக்குக்கு அது வேண்டும். அப்பாவுக்குப் பிறகு இறந்தான் என்றால் அவன் பங்கு ஒன்று உண்டாகிவிட்டது, அது இப்போது யாருக்கு என்று வேறொரு கேள்வி கிளம்பும். அப்பாவுக்கு முன்னாலேயே இறந்துவிட்டான் என்றால் பங்கே கிடையாது, மூன்றே பங்கு.

"அப்பாவுக்கு முன்னாடின்னு எழுதுவோம்மா," என்றார்.

கீழே இயந்திரம் நின்றது. மேசை அதிர்வதும் நின்றது.

"அப்படின்னா அவர் போகும்போது ரெண்டுதான் இருந்துச்சுன்னு ஆகுது," என்றாள் அம்மா. "அவர் சொன்னது சரியாப் போச்சு."

குரலில் கோபம் இல்லை. கூட்டிப் பார்த்து விடை சொல்வது மாதிரி இருந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளே பேனாவுக்குக் கை நீட்டினாள்.

காயில் டீச்சர் தன் மனசில் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கொட்டகையில் கம்பி சுற்றுகிற மேசை எந்தப் பக்கம், மோட்டாரைச் சோதிக்கிற மேடை எந்தப் பக்கம், கோடு எங்கே விழும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேசை இந்தப் பக்கம் வந்துவிடும். மேடை போய்விடும்.

"வேணாம் சார். அவனச் சேத்துடுங்க."

"யோசிச்சுக்கோங்க டீச்சர். கொட்டகை போயிடும்."

"பாதிதான்."

சேர்ப்பதற்கு ஒரு மனு வேண்டும். மனுவில் முழுப்பெயர், வயது, கடைசியாகத் தெரிந்த விலாசம். பெயரை அவளே எழுதிக் கொடுத்தாள். அதன் கடைசி எழுத்துக்கு அவள் கை தயங்கியது, வெகுகாலம் எழுதாத பெயர். வயது என்ற இடத்தில் நின்றாள். அம்மா பார்க்காமலேயே சொன்னாள்: முப்பத்தொன்பது, அடுத்த மாதம் நாற்பது. விலாசம் என்ற இடத்தில் எழுத வேறு எதுவும் இல்லாததால் அவர்கள் வீட்டு விலாசத்தையே எழுதினார்கள். கடைசியாகத் தெரிந்த இடம் அதுதான்.

ஆகவே அதே அமீனா அதே வீட்டுக்கு வந்தார். சம்மன் சேர்க்கிற முறையில் சின்னப் படிகள் உண்டு, ஒன்றையும் தாண்ட முடியாது. ஆள் அங்கே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தாலும் முதலில் போய்க் கேட்க வேண்டும். வீட்டில் இருக்கிறாரா என்று அவர் கேட்டார். அம்மா இல்லை என்றாள். எப்போது வருவார் என்று கேட்டார். அது அவர் வழக்கமாகக் கேட்கிற அடுத்த கேள்வி, வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதி, பிசின் டப்பாவைத் திறந்து, நோட்டீஸைக் கதவில் ஒட்டினார். ஆளைக் காணாவிட்டால் அவர் வசித்த வீட்டின் வெளிக்கதவில் ஒட்டுவது அடுத்த படி. அம்மா அந்தக் கதவை அதற்குப் பிறகு துடைக்கும்போது காகிதத்தைச் சுற்றித்தான் துடைத்தாள்.

அதற்கடுத்த படி நாளிதழ். காணாமல் போனவன் படிக்கக்கூடும் என்கிற நம்பிக்கையில், வாடகைக்கு விடப்படும் அறைகளுக்கும் பழைய வண்டி விற்பனைக்கும் நடுவில் சின்ன எழுத்தில் ஒரு அறிவிப்பு. இன்ன தேதியில் இன்ன நீதிமன்றத்தில் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடிவு செய்யப்படும் என்று. அம்மா அதை வெட்டி வைக்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு மடித்து, பழைய தாள்களோடு வைத்துவிட்டாள்.

அந்த இன்ன தேதியில் அவர்கள் போனார்கள். நீதிமன்ற அறைக்கு வெளியே ஒரு நீண்ட நடைவழி. ஒரு முனையில் மாடிப்படி, சுவரோரம் பெஞ்சுகள். அண்ணன் முன்பே வந்திருந்தான். அம்மா நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளும் இரண்டு பக்கத்துச் சுவரிலும் சாய்ந்து நின்றார்கள். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அண்ணன் தங்கையிடம் பேசியதில்லை. அன்று பேசினான். முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கையெழுத்துப் போட ஆளில்லாத பங்கோட எடம் வேணாம்னு பார்க்கிங் கட்ட வந்த ஆளு போயிட்டாரு. உனக்கும் கொட்டகை போச்சு. யாருக்குடி லாபம் இதுல?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம்?"

அறைக்குள்ளிருந்து வழக்கு எண்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

வராத ஆளை விட்டுவிட்டு நடத்த வேண்டுமென்றால், அதற்கு முன் அவரைக் கூப்பிட்டாக வேண்டும். நீதிபதியின் சேவகரான டவாலி அறையின் வாசலுக்கு வந்து நடையைப் பார்த்து மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். ஆஜர் என்று யாராவது சொல்ல வேண்டும். கூப்பிடாமலேயே 'வரவில்லை' என்று எழுதினால் அந்த எழுத்து நிற்காது. இதுவும் ஒரு படிதான். ஒரு நாளைக்கு எத்தனையோ பெயர்களைக் கூப்பிடுகிற டவாலி சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காகிதத்தில் இருந்ததைப் படித்து, அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்து அவன் பெயரைக் கூப்பிட்டார்.

நடை நீளமானது. சத்தம் மாடிப்படி வரை போனது. காயில் டீச்சர் அந்தப் பெயரைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

இரண்டாவது முறை கூப்பிட்டார். வேறு வழக்குக்காக நின்றிருந்த சிலர் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரோ வரப்போகிறார் என்று நினைத்து.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அண்ணனின் தலை மாடிப்படிப் பக்கம் திரும்பியதை அவள் பார்த்தாள். அவள் தலையும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது, அதனால்தான் பார்க்க முடிந்தது. படியில் ஒரு குமாஸ்தா கோப்புக் கட்டோடு ஏறி வந்து, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு தயங்கி, ஓரமாகப் போனார்.

டவாலி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வக்கீல் வெளியே வந்தார். மூன்றாம் பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி, அதாவது அழைத்தும் வராதவன் ஆகிவிட்டான், இனி வழக்கில் குறை இல்லை, அடுத்த வாய்தாவில் வாதம் என்றார். பங்கு வழக்கில் வராதவனுக்குப் பங்கு போய்விடாது என்பதையும் அம்மாவுக்காக ஒருமுறை சொன்னார். நான்கில் ஒன்று அவன் பெயரில் தனியாக அளந்து ஒதுக்கப்படும், யாரும் தொட முடியாது, அவன் எப்போது வந்தாலும் அங்கே இருக்கும். அண்ணன் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"என்னன்னு எழுதுனாங்க?" என்று மகளிடம் கேட்டாள்.

"கூப்பிட்டோம், வரலைன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

அம்மா அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல உதட்டை அசைத்தாள்.

"வரலதான்," என்றாள். "அது சரியாத்தான் எழுதியிருக்காங்க."

பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டவாலி மறுபடி வாசலுக்கு வந்து வேறு யாரையோ கூப்பிட்டார். அந்த ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆஜர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.